மாதிரிக்கு ஒரு காயில்

கையில் ஒன்றும் இல்லாமல் வந்திருக்கலாம் இந்த மனிதர். வெறுங்கையோடு வந்து, காபி குடித்து, எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தால் இன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். இப்போது அந்தக் கோணிப்பையை எங்கே இறக்குவது என்று பார்க்கிறார். இறக்கட்டும். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. தரையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

"உட்காருங்க சார்" என்றாள் குணமதி. வாய்விட்டுச் சொன்னது அவ்வளவுதான்.

அருள்நாதன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான்கு வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய பட்டறையில்தான் குணமதி ஆறு வருடம் வேலை பார்த்தாள். மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் உள்ளே வைக்கிற செப்புக் கம்பிச் சுருள்களைச் செய்யும் பட்டறை அது. காயில் என்பார்கள். எண்பத்து மூன்றில் அவள் வேலையை விட்டபோது, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னாள். மாமியாருக்கு அப்போது உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

"இன்னாக்கா, மொதலாளி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியறாரா?" என்றபடி அவருக்குப் பின்னாலிருந்து லூர்துசெல்வி உள்ளே வந்தாள்.

"செல்வி, நீயும் வந்தியா?"

"நான் வராம இவரு தனியா வந்தா நீ கதவையே தொறக்க மாட்டேன்னு சொல்லி இட்டாந்தாரு." அவள் கீழே சுவரோரமாக உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். "யம்மா, விழுப்புரம் வெயிலு திண்டிவனத்துக்கு அண்ணனாட்டம் இருக்குது."

குணமதி சிரித்தாள். சிரித்த பிறகுதான், இப்படிச் சிரித்து நெடுநாள் ஆயிற்று என்று தோன்றியது. கணவர் யசோதரன் நல்லவர். அவரிடம் வேடிக்கைப் பேச்சு கிடையாது. காபி கலக்க உள்ளே போனாள். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, செல்வியின் புடவையிலிருந்து வந்த வாசனை சமையலறை வரை வந்திருந்தது. காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. வேலையை விட்டுப் பல மாதம் வரை அவளுடைய புடவைகளிலும் இருந்தது. பிறகு ஒருநாள் ஒரு புடவையை முகர்ந்து பார்த்தாள். வெறும் பருத்தி வாசனைதான் வந்தது. அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலை ஏழு பத்துக்கு விழுப்புரத்தில் பாசஞ்சர். ஏறியவுடன் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் திண்டிவனம் வரை ஒரு மணி நேரம் அவள் யாருக்கும் மருமகள் இல்லை, மனைவி இல்லை. பட்டறைக்குள் நுழைந்து பெஞ்சின் முன் உட்கார்ந்தால் விரல்கள் தாமாக வேலையைத் தொடங்கும். நாடாவைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் சரிபாதியை மூட வேண்டும். தளர விட்டால் உள்ளே காற்று தங்கும். இறுக்கினால் மூலையில் நாடா கிழியும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைக் கட்டைவிரல்தான் அறியும். அந்த இடத்தில் கை நிற்கும்போது மனதில் பேச்சே இருக்காது. வீட்டிலோ கோயிலிலோ அவளுக்கு அப்படியோர் அமைதி கிடைத்ததில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கர்வம் என்பார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாத ஜைனக் குடும்பம் அவளுடையது. பட்டறை விடுவது ஆறு மணிக்கு. மார்கழியில் அதற்குள் இருட்டிவிடும். மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் செல்வியின் பெஞ்சு. "யக்கா, சூரியன் புளியமரத்துல எறங்கிட்டாரு, ஜல்தி துன்னு" என்று அவள் குரல் கொடுப்பாள். சில நாள் வேண்டுமென்றே அரை மணி முன்பாகவே கத்தி, குணமதி அவசர அவசரமாக டிபன் பாக்ஸைத் திறப்பதைப் பார்த்துச் சிரிப்பாள். செல்வி கருவாடு கொண்டுவரும் நாளில் தானே எழுந்து கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுவாள். "உன் மூக்குக்கு இன்னிக்கு லீவு" என்பாள்.

அந்த ஆறு வருடத்தில்தான் தான் முழுசாக வாழ்ந்ததாகக் குணமதிக்கு இப்போதெல்லாம் தோன்றியது. அப்படித் தோன்றுவதே அவளுக்குக் குற்றமாகவும் இருந்தது.

காபியைக் குடித்து முடித்ததும் அருள்நாதன் விஷயத்துக்கு வந்தார்.

"மலையில இன்னொரு பவர் ஹவுஸ் குணமதிம்மா. வெள்ளைக்காரன் காலத்து மெஷினு. எல்லாத்தையும் புதுப்பிக்கப் போறாங்க. இருநூத்தி நாப்பது காயிலுக்கு டெண்டர் வுட்டிருக்காங்க. வியாழக்கிழமை மூணு மணிக்கு மெட்ராஸ்ல கவரு பிரிக்கறாங்க. கவரோட மாதிரிக்கு ஒரு காயில் வைக்கணும்."

"சரிங்க சார்."

"கமிட்டியில இருக்கிற இன்ஜினியர் ஒருத்தர் நம்ம பழைய வேலையைப் பார்த்தவரு. அந்த லேடி சுத்தின மாதிரி இருக்கணும்னு போன்லயே சொல்லிட்டாரு. நாடாவை நகத்தால வருடிப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அந்த மனிதர் காயிலின் மேல் நகத்தை மெல்ல ஓட்டினார், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. எங்கும் தட்டவில்லை. யார் சுற்றியது என்று கேட்டார். மற்ற இருபத்தோரு பெண்களும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தை அவள் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள். பிறகு அதே நிமிடத்தைப் பார்க்கவே பயந்த காலமும் வந்தது.

"உள் வேலையெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று அருள்நாதன் கோணிப்பையைப் பிரித்தார். "மேல் நாடா மட்டும்தான் பாக்கி. நாடாவும் கொண்டாந்திருக்கேன். இங்கயே ஒக்காந்து சுத்திக் குடுத்துட்டீங்கன்னா சாயங்கால வண்டிக்கு நாங்க போயிடுவோம்."

காயில் வெளியே வந்தது. முழங்கை நீளம், நீண்ட அறுகோண வடிவம். மேலே பழுப்புத் தாள் போர்த்தி, சுற்றுவதற்குத் தயாராக இருந்தது. குணமதி அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. கனம் தொடையில் அழுந்தியது. செல்வி நாடாச் சுருளை நீட்டினாள். அதுவும் பழைய வழக்கம்தான். குணமதி காயிலை எடுத்தால் நாடாவை நீட்டுவது செல்வி.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று. கட்டைவிரல் ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

"பாத்தீங்களா சார்" என்றாள் செல்வி மெதுவாக. "நாலு வருசம் கழிச்சும் கை அப்படியே கீது. நாங்க தெனம் சுத்தறோம், எங்களுக்கு வர மாட்டேங்குது."

மூன்றாவது சுற்றில் குணமதியின் கை நின்றது.

எண்பத்திரண்டில் வந்த அந்த முதல் மலை வேலையும் இப்படித்தான் தொடங்கியது. பவர் ஹவுஸுக்கே விளக்கெரிய வைக்கிற சிறிய ஜெனரேட்டர். அதற்குத் தொண்ணூற்றாறு காயில். பழையது போலவே செய்ய வேண்டும் என்று டெண்டரில் போட்டிருந்தார்கள். பழையதைப் பிரித்தபோது உள்ளே மைக்காத் தாள், பத்து அடுக்கு, அரக்கால் ஒட்டியிருந்தது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அந்தப் பத்து அடுக்குதான். மேலே சுற்றுகிற நாடா அதைக் காப்பாற்றுகிற உறை.

அதுவரை எந்த வேலையானாலும் வெறும் செப்பிலிருந்து கடைசி நாடா வரை குணமதியே செய்வாள். அரக்கு என்றதும் அவள் நின்றுவிட்டாள். அரக்கு பூச்சியிலிருந்து வருவது. ஒரு கை அரக்குக்கு எத்தனை ஆயிரம் உயிர் என்று சிறு வயதில் அவள் அப்பா சொல்லியிருக்கிறார். பட்டு கட்டாத, தேன் தொடாத வீடு அது. "அரக்கு நான் தொட மாட்டேன் சார்" என்றாள், வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு.

அருள்நாதன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "உங்க வழக்கத்தைக் கெடுக்கிற வேலை என் பட்டறையில வேணாம்மா. அந்த உள் வேலையை வெளிய குடுத்துக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், தன் ஜைன வழக்கத்துக்காக ஒரு வேலை முறையையே மாற்றுகிறார் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வீட்டுக்குப் போய் யசோதரனிடம் பெருமையாகச் சொன்னாள். கூட்டேரிப்பட்டில் இருந்த ஒரு சின்னக் கடைக்கு உள் வேலை போயிற்று. அங்கிருந்து மைக்கா ஒட்டிய காயில்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அவள் மேலே நாடா சுற்றினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றையாவது பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் அரக்கைத் தொட வேண்டும்.

வேலை நடந்தபோது மலையிலிருந்து ஆபரேட்டர் தேவசகாயம் அளவு சரிபார்க்க வந்து இரண்டு நாள் தங்கினார். பாறையைக் குடைந்து கட்டிய பவர் ஹவுஸ், ஆடி மாதம் சுவரெல்லாம் வேர்க்கும், போட்ட சட்டை காயாது என்பார். திண்டிவனத்துச் சித்திரை வெயிலில் உட்கார்ந்து, "இதுல ஒரு மூட்டை கட்டிக் கொடுங்கம்மா, மலைக்குக் கொண்டு போறேன்" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

அந்த வெயிலில்தான் டெஸ்ட் நடந்தது. காய்ந்து கிடந்த காயில்கள் எல்லாமே பாஸாயின.

அடுத்த வருடம் ஆடியில் ஒரு காயில் எரிந்தது. தண்ணீரை நிறுத்த, புகை அடைத்த அறைக்குள் வால்வைத் திருப்பப் போன தேவசகாயத்துக்கு முகமும் வலது கையும் வெந்தன. ஈரம்தான் காரணம், ஈரத்தை உலர்த்துகிற ஹீட்டரைப் போடாமல் விட்டது ஆபரேட்டரின் தவறு என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த மனிதருக்கு மெமோ போயிற்று.

எரிந்த காயில் பட்டறைக்குத் திரும்பி வந்து பழைய இரும்போடு கிடந்தது. ஒரு மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது குணமதி கத்தியை எடுத்து, எரியாமல் மிச்சமிருந்த பக்கத்தைப் பிரித்தாள். முதலில் அவளுடைய நாடா, அழகாக, ஒரு சுற்றுகூட நழுவாமல். அதன் கீழே மைக்கா. விரலில் அரக்கு ஒட்ட ஒட்ட எண்ணினாள். ஆறு.

அருள்நாதனிடம் மட்டும் போய்ச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. அவருக்கும் அதுவரை தெரியாது என்றுதான் அவள் இன்றும் நம்புகிறாள். "டெஸ்ட்ல பாஸ் ஆச்சேம்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "இருபத்திரண்டு பொம்பளைங்க இருக்கீங்கம்மா இங்க" என்றார். அதன் பிறகு இருவரும் அதைப் பேசவில்லை. மாதக் கடைசியில் அவள் நின்றுகொண்டாள்.

நான் சுற்றிய நாடா அவ்வளவு நேர்த்தியாக இல்லாமல் இருந்திருந்தால் அந்த இன்ஜினியர் ஒன்றையாவது வெட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பாரோ? எத்தனை பகலில் சமையலறையில் நின்றபடி இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன் கைக்கு வந்த புகழே அந்த மனிதரின் முகத்தைச் சுட்டதாக இருக்குமோ? பூச்சிக்கு இரங்கியவள் மனிதருக்கு இரங்கி அடுக்கை ஏன் எண்ணிப் பார்க்கவில்லை? பதில் கிடைத்ததில்லை. கிடைக்காமலே இருக்கட்டும் என்று இருந்துவிட்டதுதான் உண்மை.

"இன்னாக்கா நிறுத்திட்ட?" என்றாள் செல்வி.

"உள்ள எத்தனை அடுக்கு சார்?"

அருள்நாதன் காபி டம்ளரைக் கையில் எடுத்தார். அது காலியாக இருந்தது. "இப்ப அரக்கே இல்லம்மா. எல்லாம் ரெசின், கெமிக்கல் பசை. நீங்க தைரியமா தொடலாம்."

"எத்தனை அடுக்குங்க?"

"கணக்குப்படிதான் இருக்கும்."

"இதை வெட்டிப் பாக்கலாமா?"

"வெட்டிட்டா அப்புறம் டெண்டருக்கு எதை வைக்கிறது?"

செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா ரெண்டு பேரும் சுத்தி சுத்திப் பேசிக்கினு கீறீங்க. எனக்குப் புரியற மாதிரி பேசுங்க."

குணமதி அவளைப் பார்த்தாள். சொல்லாமல் வைத்திருந்தது நாவில் அரக்குப் போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. "அந்த எரிஞ்ச காயில்ல ஆறு அடுக்குதான் இருந்துச்சு செல்வி. பத்து இருந்திருக்கணும். நான்தான் பிரிச்சு எண்ணுனேன்."

செல்வி விசிறுவதை நிறுத்தினாள். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

"அந்த ஆளு மேலதான மெமோ போட்டாங்க" என்றாள் செல்வி கடைசியில்.

"ஆமா."

"நீ தெரிஞ்சுகினே வாய மூடிக்கினு இருந்தியா?"

"ஆமா" என்றாள் குணமதி மறுபடியும்.

அருள்நாதன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது குரலில் முதலாளி இல்லை. களைத்த ஒரு மனிதர் இருந்தார். "நான் நல்லவன்னு சொல்லிக்கல குணமதிம்மா. ஆனா இந்த ஆர்டர் வரலன்னா தீபாவளியோட பட்டறைய மூடணும். செல்விக்கு வூட்டுக்காரரு இல்ல. நம்ம பட்டறை சின்னபொண்ணுக்குப் பார்வை போய்க்கினு இருக்கு, வேற யாரு அதை வேலைக்கு வச்சுப்பாங்க? சரி, இந்தக் காயில் வேணாம். நாளைக்குக் காலைல ஏழு பத்து வண்டிக்கு வாங்க. உங்க பெஞ்சு அப்படியே இருக்கு, யாரையும் ஒக்கார வைக்கல. வெறும் காப்பர்லேர்ந்து நீங்களே சுத்துங்க. பத்து அடுக்கு, பன்னெண்டு அடுக்கு, உங்க இஷ்டம். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. ஒரு குத்தம் சொல்ல முடியாத காயிலா இருக்கட்டும்."

அந்தப் பெஞ்சு அவள் கண் முன்னே வந்தது. காயிலைப் பிடித்து நிறுத்துகிற, கைச்சூடு ஏறிய மரப்பிடி. ஜன்னலில் புளியமரம். காலையில் எழுந்து, தலையை முடிந்துகொண்டு, டிபன் பாக்ஸோடு ஸ்டேஷனுக்கு நடப்பதை உடம்பு அப்போதே நடந்து பார்த்துவிட்டது. இரண்டு நாள். இரண்டே இரண்டு நாள் அந்த அமைதிக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் என்ன? யசோதரன் தடுக்க மாட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான்கு வருடமாக அவள் யாரிடமும் கேட்காத ஒன்றை, கேட்காமலே ஒருவர் கொண்டுவந்து முன்னால் வைக்கிறார்.

"மாதிரிக்கு நான் சுத்துறேன்" என்றாள் மெல்ல. "மத்த இருநூத்தி நாப்பதையும் யார் சார் சுத்தறது?"



"உள் வேலை வெளியிலிருந்துதாம்மா வரும். இந்த ரேட்டுக்கு வேற வழி இல்ல."

"அங்க யாராவது எண்ணிப் பாப்பாங்களா?"

"பாக்கச் சொல்றேன்."

பாக்கச் சொல்வார். அந்த நிமிடத்தில் நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொல்கிறார். முன்பும் நல்ல மனதோடுதான் எல்லாம் செய்தார். குணமதிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்களுக்காகன்னு நான் கேக்க மாட்டேன்கா. கேக்கத்தான் வந்தேன். இப்ப வாய் வரல." பிறகு நிமிர்ந்து குணமதியைப் பார்த்தாள். "இன்னாத்துக்குக்கா இதை எங்கிட்ட சொன்ன? தெரியாமலே சுத்திக்கினு இருந்திருப்பேன்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு செல்வி."

அருள்நாதன் எழுந்தார். "இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்மா. ராத்திரி யோசிச்சுப் பாருங்க. காலைல வண்டிக்கு வந்தா நான் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பறேன்."

குணமதி மடியில் இருந்த காயிலைப் பார்த்தாள். அதன் மேல் மூன்று சுற்று நாடா, நேராக, ஒன்றின் பாதியை ஒன்று மூடி. அவள் அதை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நாடாவை மறுபடியும் இறுக்கமாக உருட்டிக் கோணிப்பைக்குள் வைத்தாள். காயிலை இரண்டு கையாலும் தூக்கி அதன் மேல் இறக்கினாள்.

"யோசிச்சிட்டேன் சார்" என்றாள். "நான் வரல."